ஓட்டத்துக்கும் ஒரு கணக்கேடு

கஞ்சிக்கோட்டில் வாழும் நமக்குச் சுமை என்னும் சொல் புதியதன்று. ஆலையிலே பாரந்தூக்கும் கிரேனின் நெற்றியில் இத்தனை டன் வரைதான் தூக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சரக்கேற்றிய லாரி எடைமேடையில் நின்று கணக்குக் கொடுத்த பிறகே வாயிலைத் தாண்டுகிறது. உருக்காலையில் பணிபுரியும் அன்பர்கள், உலைக்குள் எவ்வளவு சென்றது, எத்தனை மணி நேரம் எரிந்தது என்பதைப் பதிவேட்டில் குறித்த பின்னரே அடுத்த ஷிப்டுக்காரரிடம் பொறுப்பை ஒப்படைக்கின்றனர். இரும்புக்கு இத்தனை கணக்கு வைக்கின்ற நாம், விடியற்காலை ஐந்து மணிக்கு மைதானத்தை நோக்கி ஓடுகின்ற நம் பிள்ளைகளின் எலும்புக்கும் தசைக்கும் என்ன கணக்கு வைத்திருக்கின்றோம்? இத்திங்கள் அதனைப் பற்றியே நேயர்களுடன் பேச விழைகின்றோம்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற திங்கள் ஆலைத் தொழிலாளரான அன்பர் ஒருவர் நம்மைக் காண வந்தார். அவருடைய மகன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். 1500 மீட்டர் ஓட்டக்காரன். "பையன் காலையும் மாலையும் ஓடுகிறான், ஐயா. ஆனாலும் இரண்டு மாதமாக நேரம் ஒரு நொடிகூடக் குறையவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டி ஓடச் சொல்லலாமா?" என்று கேட்டார். அவர் கேட்டது பேராசையால் அன்று. கேரளத்தில் விளையாட்டில் தேறிய மாணவனுக்குத் தேர்வில் கருணை மதிப்பெண் உண்டு. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடமுண்டு. இரயில்வேயிலும் காவல் துறையிலும் வேலை வாய்ப்பும் உண்டு. நிலமும் கடையும் இல்லாத வீட்டில் மகனுடைய இரண்டு கால்கள்தாம் முதல். அந்த முதலைப் பெருக்க எண்ணித்தான் அவர் கேட்டார். அதைக் காப்பது எப்படி என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதே நமது விடை.

ஓட்டத்தின் பெருமையை நம் மாவட்டத்தாருக்கு யாரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மாநிலப் பள்ளித் தடகள விழாவில் 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பாலக்காடு முதலிடம் பெற்றது. கூலி வேலை செய்யும் பெற்றோருக்கு மகளாகப் பிறந்த முண்டூர் பி. யு. சித்ரா, 2017இல் புவனேசுவரத்திலும் 2019இல் தோகாவிலும் நடந்த ஆசியத் தடகளப் போட்டிகளில் 1500 மீட்டர் ஓட்டத்தில் பொன் வென்றார். பாலக்காட்டைச் சேர்ந்த முரளி ஸ்ரீசங்கர், 2022இல் பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டில் 8.08 மீட்டர் நீளம் தாண்டி வெள்ளி வென்றார். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 8.19 மீட்டர் தாண்டி மீண்டும் வெள்ளி பெற்றார். அவருடைய தந்தையே அவருக்குப் பயிற்சியாளர். அவரும் தம் காலத்தில் மும்முறைத் தாண்டும் வீரராக விளங்கியவர்.

அந்த ஸ்ரீசங்கரின் வரலாற்றில் ஒரு சோகமான பக்கமும் உண்டு. பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றிருந்த அவர், 2024 ஏப்ரலில் பயிற்சியின்போது முழங்காலில் காயமுற்றார். அறுவைச் சிகிச்சை வேண்டியதாயிற்று. ஒலிம்பிக் கைநழுவிப் போயிற்று. ஓராண்டுக்கு மேல் பொறுத்திருந்து, 2025 ஜூலையில் புனே நகரில் 8.05 மீட்டர் தாண்டி மீண்டும் களம் கண்டார். அவருடைய காயம் மிகைச்சுமையால் விளைந்தது என்று நாம் கூறவில்லை. எத்துணை எச்சரிக்கையாக இருந்தாலும் சில காயங்கள் வரவே செய்யும். தந்தையே அருகிருந்து பார்த்துக்கொண்ட ஒரு வீரருக்கே இப்படி நேருமாயின், எவ்வளவு ஓடினோம் என்பதையே அறியாத நம் பிள்ளைகளின் நிலை என்ன என்பதுதான் நம்மை வருத்துகிறது.

வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கிரிக்கெட் கேட்போர் அண்மைக் காலத்தில் 'பணிச்சுமை' என்னும் சொல்லை அடிக்கடி கேட்டிருப்பர். 2024ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய ஆஸ்திரேலியச் சுற்றில் ஐந்து டெஸ்டுகளில் ஜஸ்பிரித் பும்ரா 150 ஓவர்களுக்கு மேல் வீசி 32 விக்கெட்டுகளைச் சாய்த்தார். சிட்னியில் நடந்த கடைசி ஆட்டத்தில் முதுகு அவரைக் கைவிட்டது. ஏற்கெனவே 2023இல் முதுகில் அறுவை செய்துகொண்டவர் அவர். ஆகவே 2025இல் இங்கிலாந்துச் சுற்றில் ஐந்து டெஸ்டுகளில் மூன்றில் மட்டுமே ஆடுவார் என்று முன்கூட்டியே முடிவு செய்தனர்; அவ்வாறே மூன்றில் ஆடினார். திண்ணையில் அமர்ந்து, "நாட்டுக்காக ஆடுபவனுக்கு ஓய்வா?" என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. ஆனால் உலகத்தின் தலைசிறந்த பந்துவீச்சாளனின் எலும்புக்கும் ஓர் அளவு உண்டென்று ஒப்புக்கொண்டு திட்டமிடுவதில் இழுக்கென்ன இருக்கிறது?

பயிற்சியைக் கணக்கிடும் வழக்கம் நேற்று முளைத்ததன்று. 1920களில் ஒலிம்பிக் பொன் பதக்கங்கள் ஒன்பதைக் குவித்த பின்லாந்து நாட்டுப் பாவோ நூர்மி, கையிலே நிறுத்துக் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டே ஓடியவர். பக்கத்தில் ஓடுபவனைப் பாராமல் தம் கடிகாரத்தைப் பார்த்து ஓடினார். இன்று அந்தக் கடிகாரத்தின் இடத்தை மார்புக் கச்சைக்குள் வைத்த சிறு கருவிகள் பிடித்துள்ளன. விண்கோளின் துணைகொண்டு வீரன் எத்தனை மீட்டர் ஓடினான், எத்தனை முறை விரைந்தான், இதயம் எத்தனை முறை துடித்தது என்பவற்றை அவை எழுதித் தருகின்றன. அவை விலை மிகுந்தவை. நம் பள்ளிகளுக்கு எட்டாதவை. ஆயினும் மனம் தளர வேண்டுவதில்லை. ஏறத்தாழ அதே பயனைத் தரும் வழியொன்று ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்துக்குள் அடங்கும்.

அந்த வழியின் வேர் சுவீடன் நாட்டில் இருக்கிறது. உழைப்பின் கடுமையை உழைப்பவனே எண்ணால் சொல்ல முடியும் என்று காட்டியவர் குன்னர் போர்க் என்னும் உளவியலறிஞர். அவர் வகுத்த அளவுகோலைத் தழுவி, அமெரிக்க நாட்டுக் கார்ல் பாஸ்டர் என்னும் அறிஞர் எளிய முறை ஒன்றை அமைத்தார். பயிற்சி முடிந்து அரைமணி நேரம் கழித்து, "இன்று எவ்வளவு கடினமாக இருந்தது?" என்று வீரனைக் கேட்க வேண்டும். சும்மா இருந்தால் 0. எளிது என்றால் 2. நடுத்தரம் என்றால் 3. கடினம் என்றால் 5. மிகக் கடினம் என்றால் 7. இதற்கு மேல் இயலாது என்றால் 10. அந்த எண்ணைப் பயிற்சி நடந்த நிமிடங்களால் பெருக்கினால் அன்றைய சுமை கிடைக்கும். அறுபது நிமிடம், கடுமை 4 என்றால் 240. இவ்வளவே கணக்கு. மூன்றாம் வகுப்புப் பெருக்கல் தெரிந்தவர் எவரும் இதைச் செய்யலாம்.

ஓடிய தூரத்தை எழுதினால் போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது. இங்கே பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று சில நாட்களில் தென்றல். சில நாட்களில் அனல். மலம்புழாவில் 2016 ஏப்ரலில் வெப்பம் 41.9 பாகை செல்சியஸ் எட்டியது. கார்த்திகை மாதக் குளிரில் ஐந்து கிலோமீட்டர் ஓடும் பிள்ளைக்கு அது 4 என்றால், பங்குனி வெயிலில் அதே ஐந்து கிலோமீட்டர் 7 ஆகிவிடும். முந்தைய இரவு தேர்வுக்குக் கண்விழித்திருந்தாலும், காலையில் வெறும் தேநீரோடு புறப்பட்டிருந்தாலும், காய்ச்சல் தேறி இரண்டு நாளே ஆகியிருந்தாலும் அவ்வாறே. தூரம் வெளியே நிற்கும் சுமை. பிள்ளை சொல்லும் எண்ணோ உடம்புக்குள் இறங்கிய சுமை. காயத்தை விளைவிப்பது பெரும்பாலும் பின்னதுதான்.

இனி ஒரு எடுத்துக்காட்டு. ஒரு மாணவியின் ஒரு வாரக் கணக்கை இவ்வாறு வைத்துக்கொள்வோம்: திங்கள் 60 நிமிடம், கடுமை 4; செவ்வாய் 45 நிமிடம், கடுமை 6; புதன் 40 நிமிடம், கடுமை 2; வியாழன் 60 நிமிடம், கடுமை 5; வெள்ளி ஓய்வு; சனி 70 நிமிடம், கடுமை 6; ஞாயிறு 30 நிமிடம், கடுமை 3. கூட்டினால் 1400. நான்கு வாரங்களின் சராசரி 1350 என்று கொள்வோம். இப்போது மாவட்டப் போட்டிக்கு முன் ஒரு வார முகாம் வருகிறது. காலையில் 90 நிமிடம், கடுமை 5. மாலையில் 60 நிமிடம், கடுமை 6. இவ்வாறு ஆறு நாள். நாளொன்றுக்கு 810, வாரத்துக்கு 4860. பழகிய சுமையைப் போல 3.6 மடங்கு! "ஒரு வாரந்தானே, பல்லைக் கடித்துக்கொள்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். மூன்று டன் தூக்கும் கிரேனில் பத்து டன்னுக்கு மேல் மாட்டிவிட்டு, ஒரு முறைதானே என்று யாரேனும் சொல்வார்களா?

எலும்பின் இயல்பையும் இங்கே அறிந்துகொள்வது நலம். ஓடும்போது எலும்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. ஓய்வின்போது உடல் அவற்றைச் செப்பனிட்டு, முன்னைவிட வலிமையாகக் கட்டுகிறது. செப்பனிடும் பணி முடியுமுன் மேலும் மேலும் அடி விழுந்தால், சிதைவுகள் ஒன்றுகூடி விரிசலாகின்றன. வளரும் பருவத்தில் எலும்பின் முனைகளும், தசைநார் வந்து பற்றும் இடங்களும் இன்னும் முதிராதவை; அங்கே வலி எளிதில் பிறக்கும். ஆகவே வலிமை வருவது ஓடும்போது அன்று. ஓடிய பின் ஓயும்போது.

நம் அன்பரின் வினாவுக்கும் இங்கேதான் விடை இருக்கிறது. கனடா நாட்டு எரிக் பானிஸ்டர் என்னும் அறிஞர் 1975இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒவ்வொரு பயிற்சியும் உடலில் இரண்டை விட்டுச் செல்கிறது: ஒன்று திறன், மற்றொன்று களைப்பு. களைப்பு பெரிது, ஆனால் விரைவில் வடியும்; திறன் சிறிது, ஆனால் நெடுநாள் தங்கும். களைப்பு வடிய இடங்கொடாமல் மேலும் மேலும் ஓடினால், சேர்ந்த திறன் களைப்பின் அடியில் புதைந்து கிடக்கும், கடிகாரத்தில் தெரியாது. நேரம் குறையாத மகனுக்கு இன்னும் ஒரு வேளை ஓட்டம் மருந்தாகாமல், நோயாகவே ஆகிவிடக்கூடும்.

"பையன் மொத்தத்தில் எவ்வளவு ஓடுகிறான்?" என்று அவரைக் கேட்டோம். பள்ளி மைதானத்தின் கணக்கை மட்டுமே சொன்னார். துருவிக் கேட்டபோது மற்றவை வெளிவந்தன. சனி, ஞாயிறுகளில் ஊர்க் குழுவுக்காகக் கால்பந்து. பள்ளிக்குப் போகவர எட்டு கிலோமீட்டர் மிதிவண்டி. வீட்டுக்குத் தண்ணீர்க் குடம். பள்ளி ஆசிரியருக்குக் கால்பந்து தெரியாது. கால்பந்துக் குழுவினருக்கு ஓட்டம் தெரியாது. எல்லாச் சுமையும் ஒன்றுசேரும் இடம் வீடு ஒன்றுதான். ஆகவே கணக்கேடும் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று சொல்கின்றோம்.

எவ்வளவு கூடினால் தீங்கு என்பதற்கு வரம்பு கூற முயன்றோர் உண்டு. ஆஸ்திரேலிய அறிஞர் டிம் கேபெட் 2016இல், ஒரு வாரச் சுமையை நான்கு வாரச் சராசரியோடு ஒப்பிட்டு, அது ஒன்றரை மடங்கைத் தாண்டினால் காயத்துக்கு இடம் மிகும் என்றார். உலகெங்கும் பயிற்சியாளர்கள் இதைப் பற்றிக்கொண்டனர். ஆனால் இந்த விகிதத்தின் கணக்கியல் அடிப்படையே பிழையுடையது என்று வேறு அறிஞர்கள் வன்மையாக மறுத்தனர். நார்வே நாட்டில் இளம் கால்பந்து வீரர், வீராங்கனையர் 482 பேரைக் கொண்டு சோதித்துப் பார்த்து, 2021இல் முடிவை வெளியிட்டனர். அந்த விகிதத்தின்படி சுமையை வகுத்துக்கொண்ட குழுக்களுக்கும் மற்றக் குழுக்களுக்கும் உடல்நலக் குறைவில் வேறுபாடு தோன்றவில்லை. எனவே 1.5 என்னும் எண்ணை வேதவாக்காகக் கொள்ள வேண்டா. கேட்டைத் திறந்து மூடும் அதிகாரம் அந்த எண்ணுக்கு இல்லை. திடீரென்று ஏறுகிறதே, கவனி என்று கைதட்டி அழைப்பது மட்டுமே அதன் வேலை.

எண்ணை நம்பி ஏமாந்த கதை ஒன்றும் நம் பகுதியிலேயே நடந்தது. பெயரும் இடமும் வேண்டா. பதினான்கு வயதுப் பெண். நானூறு மீட்டர் ஓட்டக்காரி. அவளுடைய அண்ணன் கல்லூரியில் படிப்பவன். தங்கைக்காக ஆர்வத்துடன் கணக்கேடு ஒன்றைத் தொடங்கினான். நாள்தோறும் கேட்பான், அவளும், "மூன்று, அண்ணா" என்பாள். சில நாள் "நான்கு". ஏட்டைப் பார்த்தவர் எவரும் குறை கூற முடியாது. அவ்வளவு சீராக இருந்தது. ஆனால் தாயார் ஏட்டைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார். காலையில் எழுந்ததும் படியிறங்கும்போது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குவதைக் கண்டார். மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். முன்னங்கால் எலும்பில் மயிரிழை விரிசல்.

"ஏனம்மா சொல்லவில்லை?" என்று கேட்டதற்கு அந்தப் பெண் கூறிய விடையை நாம் இன்னும் மறக்கவில்லை. "ஏழு என்று சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள். அப்புறம் அப்பா வருத்தப்படுவார்" என்றாள். அடித்தார்கள் என்றோ திட்டினார்கள் என்றோ அவள் சொல்லவில்லை. அந்தத் தந்தை மிகவும் அன்பானவர். மகளின் பதக்கங்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, வருவோர்க்கெல்லாம் காட்டி மகிழ்ந்தவர். அந்த மகிழ்ச்சி குறைந்துவிடுமோ என்னும் அச்சமே அவளை நாள்தோறும் 'மூன்று' என்று சொல்ல வைத்தது.

நேயர்களே, கணக்கேட்டின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. கருவி எத்தனை கோடி பெற்றாலும், பெருக்கல் எத்தனை பிழையின்றி இருந்தாலும், முதலில் எழுதப்படும் எண் உண்மையாக இல்லாவிட்டால் அனைத்தும் மணலில் கட்டிய வீடு. பிள்ளை உண்மை சொல்ல வேண்டுமானால், உண்மை சொன்னதற்காக அவன் எதையும் இழக்கக்கூடாது. நம் முகத்தில் தோன்றும் ஒரு வாட்டமும் அவனுக்கு இழப்பே. 'எட்டு' என்று பிள்ளை சொல்லும்போது, "இதற்கே எட்டா? நாங்களெல்லாம் அந்தக் காலத்தில்..." என்று தொடங்கும் பேச்சை நாம் நாவிலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். ஊர் விட்டு ஊர் வந்து உழைத்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய தலைமுறை நம்முடையது. வலியைச் சொல்லாமல் பொறுத்ததே நம் பெருமை என்று எண்ணி வந்திருக்கின்றோம். அந்தப் பெருமையைப் பிள்ளைகளின் முதுகில் ஏற்றுவது தகாது. 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், அதில் வண்டிச் சுமையைச் சான்று காட்டியதை நம் பிள்ளைகள் பள்ளியிலேயே படித்திருக்கின்றனர். படித்தவர்கள் அவர்கள்; ஏற்றுபவர்கள் நாம்.

செய்ய வேண்டியவற்றைச் சுருங்கச் சொல்வோம். நோட்டுப் புத்தகத்தில் நாள், பயிற்சி, நிமிடம், கடுமை எண், பெருக்குத்தொகை, தூங்கிய மணி, வலி என ஏழு கட்டங்கள் போடுக. ஊர்க்குழு ஆட்டம், மிதிவண்டி, தண்ணீர்க் குடம் அனைத்தையும் எழுதுக. முதல் நான்கு வாரம் எதையும் மாற்றாமல் எழுதி மட்டும் வருக. அதுவே உங்கள் பிள்ளையின் பழகிய சுமை. அதன் பிறகு ஏற்றுவதை மெல்ல மெல்ல ஏற்றுக. கடினமான நாளை அடுத்து எளிய நாள் வருமாறு பார்த்துக்கொள்க. எல்லா நாளும் ஒரே அளவாக இருப்பதும் நல்லதன்று என்று பாஸ்டரே கூறுகின்றார். வாரத்தில் ஒரு நாளேனும் முழு ஓய்வு கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் மருத்துவர் நீரு ஜெயந்தியும் அவர் குழுவினரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நினைவில் கொள்ள எளிது: தம் வயதின் எண்ணிக்கையைவிட மிகுதியான மணி நேரம் வாரந்தோறும் பயிற்சியிலும் போட்டியிலும் ஈடுபட்ட சிறுவர்க்கு மிகைச்சுமைக் காயங்கள் கூடுதலாகக் காணப்பட்டன. ஒரே இடத்தில் வலி மூன்று நாள் தொடர்ந்தாலும், நொண்டி நடந்தாலும், இரவில் வலியால் விழித்தாலும் ஏட்டை மூடிவிட்டு மருத்துவரிடம் செல்க.

அந்த ஏட்டைத் திங்களுக்கு ஒரு முறை பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியரிடம் காட்டுவதும் நன்று. குறை கூறும் பாவனையில் நீட்டாமல், "ஐயா, பையன் வெளியில் இவ்வளவு ஓடுகிறான், நீங்கள் பார்த்து அமைத்துக்கொள்ளுங்கள்" என்று பணிவாகக் கொடுத்தால், மகிழ்ந்து ஏற்காத ஆசிரியர் அரியர். முப்பது பிள்ளைகளை ஒருவராக நின்று பயிற்றுபவருக்கு அது பெருந்துணை.

விரிசல் கண்ட அந்தப் பெண் அவ்வாண்டு மாவட்டப் போட்டியில் ஓடவில்லை. எட்டு வாரம் ஓய்ந்திருந்தாள். பிறகு நடை, மெல்லோட்டம், ஓட்டம் என்று படிப்படியாக ஏறினாள். இப்போது மீண்டும் ஓடுகின்றாள். ஏட்டில் 'மூன்று' மட்டுமன்றி ஆறும் ஏழும் இடம்பெறுகின்றன. ஒரு நாள் 'ஒன்பது' என்றும் எழுதியிருக்கிறது. அதற்கு மறுநாளில் அண்ணன் கையெழுத்தில் 'ஓய்வு' என்று கண்டோம்.

நம்மைத் தேடிவந்த அன்பரும் நோட்டுப் புத்தகம் வாங்கிவிட்டதாகச் சொல்லியனுப்பியிருக்கின்றார். கூடுதலாக ஒரு வேளை ஓட்டம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்தைச் சிறிது காலம் நிறுத்தி வைத்திருக்கின்றார்களாம். பையனுக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல். நேரம் குறைந்ததா என்று நாம் கேட்கவில்லை. நான்கு வாரம் எழுதி முடித்த பின், ஏட்டோடு பையனையும் அழைத்து வருமாறு கூறியிருக்கின்றோம். அவனிடமும் சில கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது.